தோல்வி என்ற சொல் இல்லாத தோல்வியுரை: 1945 ஆகஸ்ட் 15 யப்பானியப் பேரரசர் அறிவிப்புப் பற்றிய ஒரு நோக்கு

போரிலே தோற்ற அரசு இரண்டு ஆவணங்களை எழுதவேண்டியுள்ளது. ஒன்று வென்றவனுக்கு, மற்றையது சொந்த மக்களுக்கு. முதலாவது பெரும்பாலும் வென்றவனாலேயே எழுதப்பட்டுத் தோற்றவனாற் கையொப்பமிடப்படுவது. அதிற் சொல்லலங்காரத்துக்கு இடமில்லை. 1945 செப்டெம்பர் 2ஆந் திகதி ரோக்கியோ விரிகுடாவில் 'மிசூரி' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் தளத்தில் வெளிநாட்டமைச்சர் ஷிகெமிட்சுவும் இராணுவத் தலைமையதிகாரி உமெசுவும் கையொப்பமிட்ட பத்திரம், யப்பானியப் படைகள் யாவும் நிபந்தனையின்றிச் சரணடைகின்றன என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது. அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்னர், ஆகஸ்ட் 15ஆந் திகதி நண்பகலில், பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலி வாயிலாகத் தம் மக்களுக்கு விடுத்த திருமுகத்திற் சரணடைதல் என்ற சொல் இல்லை. தோல்வி என்ற சொல்லும் இல்லை.

இவ்விரண்டு ஆவணங்களுக்குமிடையேயுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள். போர்ப் பிரகடனங்களை வரலாற்றாசிரியர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தோல்வி அறிவிப்பைத் தனியொரு உரைவகையாகக் கொண்டு அதன் சொல்லாட்சியையும் சமூகப் பயன்பாட்டையும் நோக்கும் முயற்சி நம்மிடையே அதிகம் நிகழவில்லை. படையினரை ஆயுதங் கீழே வைக்கச் செய்வது அவ்வுரையின் வெளிப்படையான பணி. ஆனால் அதனினும் முக்கியமான பணியொன்று அதற்குண்டு. மக்களை அழிவுக்குள் இட்டுச் சென்ற ஆளும் வர்க்கம், அம்மக்கள் 'யார் காரணம்?' என்று கேட்பதற்கு முன்னரே அக்கேள்விக்கான சொற்களை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முயல்கின்றது. (சரணாகதி என்ற சொல் நமது பக்தியிலக்கியத்தில் உயர்ந்ததொரு நிலையைக் குறிப்பது, அரசியலில் அதனைத் தன்னைப் பற்றி எந்த அரசும் மனமுவந்து சொல்வதில்லை.)

யப்பானிய உரைக்கு முன்னோடிகள் இருந்தன. 1918 செப்டெம்பர் 29ஆந் திகதி, உடனடியாகப் போர்நிறுத்தம் வேண்டும் என்று கேட்டது ஜேர்மன் உயர் படைத்தலைமையே, ஹின்டன்பேர்க்கும் லூடென்டோர்ஃபுமே. ஆனால் நவம்பர் 11ஆந் திகதி கையொப்பமிட அனுப்பப்பட்ட தூதுக்குழுவின் தலைவர் எர்ஸ்பேர்கர் என்ற குடிசார் அரசியல்வாதி. படைத்தலைமை தன் பெயரை அப்பத்திரத்தின் தலைப்பிலிருந்து தப்பவைத்துக்கொண்டது. டிசெம்பர் 10ஆந் திகதி பேர்லினுக்குத் திரும்பிய படையினரை வரவேற்றுப் பேசிய சமூக ஜனநாயகத் தலைவர் ஏபேர்ட், எந்தப் பகைவனும் உங்களை வெல்லவில்லை என்று அவர்களைப் புகழ்ந்தார். வெல்லப்படாத படை ஏன் வீடு திரும்புகின்றது? இவ்வினாவுக்கு விடையை வலதுசாரிகள் தந்தனர். 1919 நவம்பரில் தேசிய சபையின் விசாரணைக்குழு முன்னிலையில், படை பின்புறமிருந்து குத்தப்பட்டது என ஹின்டன்பேர்க் கூறினார். 1921 ஆகஸ்டில் எர்ஸ்பேர்கர் கொலையுண்டார். தொழிலாளரின் பெயரால் ஆட்சிக்கு வந்த ஒருவர் ஆறுதலாகச் சொன்ன ஒரு வாக்கியம், பின்னர் தொழிலாளர் இயக்கத்தையே அழித்த நாசிகளுக்கு வித்தாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிரான்சில் நிகழ்ந்தது வேறுவகையானது. 1940 ஜூன் 17ஆந் திகதி நண்பகல் கழிந்ததும் மார்ஷல் பெத்தேன் வானொலியிற் பேசினார். போரை நிறுத்தவேண்டும் என்பதைக் கனத்த நெஞ்சுடன் சொல்வதாகக் கூறிய அவர், பிரான்சின் துயரைத் தணிப்பதற்குத் தம்மையே அந்நாட்டுக்குக் கொடையாக அளிப்பதாகவும் அறிவித்தார். தோல்வியின் அறிவிப்பும் அதிகாரத்தைக் கைப்பற்றுதலும் ஒரே மூச்சில் நிகழ்ந்தன; பின்னையது தியாகத்தின் மொழியில் நிகழ்ந்தது. போர்நிறுத்த உடன்படிக்கை அப்போது கையொப்பமாகவில்லை. ஜூன் 22இலேயே கையொப்பமாகி, 25இல் நடைமுறைக்கு வந்தது. எனவே உரை அச்சேறியபோது, போரை நிறுத்த 'முயலவேண்டும்' என்று அவ்வாக்கியம் திருத்தப்பட்டது. ஆனால் செவியில் விழுந்த சொல்லை அச்சுத் திருத்தம் மீட்க முடியாது. ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட ஏறத்தாழ 18 இலட்சம் பிரெஞ்சுப் படையினரிற் கணிசமானோர் இவ்விடைப்பட்ட நாட்களிலேயே பிடிபட்டனர். ஜூன் 20ஆந் திகதி உரையிற் பெத்தேன் காரணங்களையும் கூறினார்: குழந்தைகள் குறைவு, ஆயுதங்கள் குறைவு, நேசநாடுகள் குறைவு; தியாக உணர்வை இன்ப நாட்டம் வென்றுவிட்டது. 'இன்ப நாட்டம்' என்று அவர் குறித்தது எதனை? 1936இல் மக்கள் முன்னணி ஆட்சியில் தொழிலாளர் பெற்ற சம்பளத்துடனான விடுமுறையும் நாற்பது மணி நேர வேலை வாரமும் அன்றைய பிரெஞ்சு வலதுசாரிகளின் நெஞ்சில் முள்ளாய் இருந்தவை என்பதை அறிந்தோர்க்கு அச்சொல்லின் முகவரி தெளிவாகவே தெரிந்திருக்கும். படைத்தலைமையின் தவறு, ஒழுக்கக் கேடு என்ற பெயரில் மக்கள் தலையிற் சுமத்தப்பட்டது.

இத்தாலியில் 1943 செப்டெம்பர் 8ஆந் திகதி மாலை பதோலியோ வாசித்த அறிவிப்பு இவை எல்லாவற்றினும் கோழைத்தனமானது. ஐந்து நாட்களுக்கு முன்பே இரகசியமாகக் கையொப்பமான போர்நிறுத்தத்தை, ஐசன்ஹவர் அல்ஜியர்ஸ் வானொலியில் வெளியிட்டபின், வேறு வழியின்றி அவர் உறுதிப்படுத்தினார். வேறெத்திசையிலிருந்து வரும் தாக்குதலையும் படைகள் எதிர்க்கும் என்றார்; ஜேர்மனி என்ற பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் அரசரும் அவரும் றோமைவிட்டு ஓடினர். கட்டளையற்றுக் கைவிடப்பட்ட படையினர் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஜேர்மன் முகாம்களுக்குச் சென்றனர்.

யப்பானிய உரை இவற்றினும் திறமையாக ஆக்கப்பட்டது. அதனை விளங்கிக்கொள்ள ஆறு மாதங்கள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1945 பெப்ரவரி 14ஆந் திகதி, முன்னாட் பிரதமரும் உயர்குடிக் கோமகனுமான கொனோயே பேரரசரிடம் ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தார். தோல்வி தவிர்க்கமுடியாதது; ஆயினும் தோல்வியை விட அஞ்சவேண்டியது தோல்வியுடன் சேர்ந்து வரக்கூடிய கம்யூனிசப் புரட்சியே என்பது அதன் சாரம். இன்னுமொரு போர்முனை வெற்றியின்றிப் பேச்சுவார்த்தை கடினம் என்பது பேரரசரின் நிலைப்பாடாயிருந்தது. அந்த ஒரு வெற்றியை எதிர்பார்த்திருந்த மாதங்களில் நிகழ்ந்தவற்றைக் கணக்கிடுதல் அவசியம். மார்ச் 10ஆந் திகதி இரவு ரோக்கியோ மீது நடந்த தீக்குண்டு வீச்சில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மாண்டனர். ஏப்பிரல் முதல் ஜூன் வரை ஒகினாவாவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் குடிமக்கள் மாண்டனர். பின்னர் ஹிரோசிமா, பின்னர் நாகசாக்கி.

ஜூலை 26ஆந் திகதி பொட்ஸ்டம் பிரகடனம் வெளியாயிற்று. ஆகஸ்ட் 6இல் முதலாவது அணுகுண்டு. 8இல் சோவியத் ஒன்றியத்தின் போர்ப் பிரகடனம். 9இல் இரண்டாவது குண்டு. 12ஆந் திகதி கடற்படை அமைச்சர் யொனாய் தம் நம்பிக்கைக்குரிய அதிகாரி ஒருவரிடம் கூறியது பதிவாகியுள்ளது: அணுகுண்டும் சோவியத் வரவும் ஒருவகையில் வானம் தந்த உதவிகள், ஏனெனில் உள்நாட்டு நிலைமையே காரணம் என்று சொல்லாமற் போரை முடிக்கலாம். இவ்வாக்குமூலம் அமைச்சரவையின் உட்புறத்தைக் காட்டும் சாளரமாகும். பசியும் வெறுப்பும் மக்களிடையே பெருகியிருந்தன. பேரரசரைப் பழித்துச் சுவரில் எழுதுவோரையும் தனிப்பேச்சிற் குறைகூறுவோரையும் சிந்தனைப் பொலிஸார் இடையறாது குறிப்பெடுத்துக்கொண்டிருந்தனர். ஆளுவோர் அஞ்சியது அமெரிக்கரை மட்டுமன்று.

9ஆந் திகதி நள்ளிரவு கூடிய பேரரசர் முன்னிலைக் கூட்டத்திற் பொட்ஸ்டம் பிரகடனத்தை ஏற்பதாக முடிவாயிற்று. பேரரசரின் ஆட்சியுரிமைக்கு ஊறு நேராது என்ற விளக்கத்துடன் என்ற ஒரேயொரு வாசகம் சேர்க்கப்பட்டது. அமெரிக்கா அனுப்பிய பதிலில், பேரரசரின் அதிகாரம் நேசநாட்டுத் தளபதிக்குக் கீழ்ப்பட்டதாக இருக்கும் என்றிருந்தது. யப்பானிய வெளிநாட்டமைச்சு அதனை, 'கட்டுப்பாடுகளுக்குள் வைக்கப்படும்' என்று மென்மையாக மொழிபெயர்த்தது. மொழிபெயர்ப்பு அரசியற் கருவியாதலுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. அம்மென்மையான சொல்லைக்கூட இராணுவ அதிகாரிகள் நம்பவில்லை. அடிமைப்படுதல் என்றே அதனைப் படித்தனர். 14ஆந் திகதி முற்பகலில் மீண்டும் கூடிய கூட்டத்தில் பேரரசர் இறுதி முடிவைக் கூறினார்.

உரையை எழுதும் பொறுப்பு அமைச்சரவைத் தலைமைச் செயலாளர் சக்கோமிஸுவிடம் இருந்தது. சீன இலக்கியப் புலமை மிக்க இருவர், கவாடா மிஸுஹோவும் யசுவோக்கா மசஹிரோவும், அதனைச் செப்பனிட்டனர். யசுவோக்கா சாதாரண பண்டிதரல்லர். அதிகாரத்தில் இருந்தோர்க்கு அறநூல் போதித்த வலதுசாரிச் சிந்தனையாளர். நித்தியத் தலைமுறைகளுக்கும் அமைதியைத் திறந்துவைத்தல் என்ற கருத்தை, பதினோராம் நூற்றாண்டுச் சீன மெய்யியலாளர் சாங் சாயிடமிருந்து எடுத்து உரையிற் பதித்தார். அறம் கட்டளையிடுவதனால் இம்முடிவு எடுக்கப்படுகின்றது என்ற பொருளில் அவர் அமைத்த தொடர் அமைச்சர்களுக்கு விளங்கவில்லை. அது காலத்தின் போக்குச் செல்லும் வழி என்று மாற்றப்பட்டது. தம் உரையின் உயிரே போய்விட்டதாக அவர் பின்னாளில் வருந்தினார். நமது நோக்கில் அம்மாற்றம் தற்செயலானதன்று. அறம் என்றால் அறத்துக்கு முன்னர் மறம் இருந்ததா என்ற கேள்வி எழும். காலப்போக்கு என்றால் எவரும் பொறுப்பல்லர்.

இன்னொரு திருத்தம் இதனினும் புகழ்பெற்றது. போர்நிலை நாளுக்கு நாள் சீர்கெட்டு வருகின்றது என்று முதல் வரைவில் இருந்த வாசகத்தை இராணுவ அமைச்சர் அனாமி எதிர்த்தார். அவ்வாறாயின் இதுவரை இராணுவத் தலைமையகம் வெளியிட்ட அறிக்கைகள் யாவும் பொய்யென்றாகும் என்பது அவர் வாதம். அவர் கூறியதில் தருக்கம் இருந்தது, அவ்வறிக்கைகள் பொய்யே. நீண்ட விவாதத்தின் பின், போர்நிலை யப்பானுக்கு அவசியம் சாதகமாகத் திரும்பியதென்று சொல்வதற்கில்லை என்ற பொருள்படும் வாக்கியம் ஏற்கப்பட்டது. இரண்டு நகரங்கள் சாம்பலான ஒரு வாரத்தினுள் எழுதப்பட்ட வாக்கியம் இது. இதனைக் கேலிக்குரியதென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இது ஒரு நடைமரபின் முதிர்ச்சி. 1943 பெப்ரவரியிற் குவாடல்கனாலிலிருந்து பின்வாங்கியதை 'திசைமாற்றி முன்னேறல்' என அறிவித்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் அத்துத் தீவிற் காவற்படை பூண்டோடு மடிந்ததை, மணி உடைந்து சிதறுதல் என்னும் பொருள்தரும் பழஞ்சொல்லால் அழகுபடுத்தினர். இச்சொற்களஞ்சியத்தைப் பழகிய அரசுக்குத் தோல்வியைத் தோல்வியென்று சொல்வதற்கு மொழியே இல்லாமற் போயிற்று எனலாம்.

திருமுகத்தின் கட்டமைப்பைச் சற்று நெருங்கி நோக்குவோம். ஏறத்தாழ 800 எழுத்துக்களில் அமைந்த சிற்றுரை அது. அமெரிக்கா, பிரித்தானியா, சீனா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளின் கூட்டுப் பிரகடனத்தை ஏற்பதாக அறிவிக்கும்படி அரசுக்கு ஆணையிட்டுள்ளோம் என்று அது தொடங்குகின்றது. பிரகடனத்தில் என்ன சொல்லப்பட்டது என்பது கூறப்படவில்லை. அதை முன்பே பத்திரிகையிற் படித்து நினைவில் வைத்திருந்தவருக்கே இவ்வாக்கியம் சரணடைதலைக் குறிக்கும் என்பது விளங்கும். அடுத்து, போர் தொடுத்தது யப்பானின் நிலைபேற்றுக்கும் கிழக்காசியாவின் அமைதிக்குமே என்றும், பிறநாட்டு இறைமையை மீறுவதும் ஆள்புலம் கவர்வதும் தம் எண்ணமாய் இருந்ததில்லை என்றும் பேரரசர் கூறுகின்றார். போர் நான்கு ஆண்டுகள் நடந்ததாக ஒரு கணக்கு வருகின்றது. இந்த 'நான்கு' தான் உரையின் மிகப் பெரிய பொய் என்பது என் கருத்து. 1941 டிசெம்பரிலிருந்து எண்ணினால் மட்டுமே அது நான்கு ஆண்டை அணுகும். 1937இல் முழுவீச்சுடன் தொடங்கிய சீனப் போர், அதன் முன்னர் 1931இல் மஞ்சூரியா ஆக்கிரமிப்பு, 1910இற் கொரியா இணைப்பு ஆகிய யாவும் ஓர் எண்ணுப்பெயரினால் துடைக்கப்பட்டன. சரணடையும் நாடுகளின் வரிசையிற் சீனாவின் பெயர் உண்டு. போர் நடந்த நாடுகளின் வரிசையில் இல்லை.

தன்மைச் சொல்லின் ஆட்சியும் கவனிப்புக்குரியது. பேரரசர் மட்டுமே வழங்கத்தக்க தன்மைப் பெயரொன்று யப்பானிய மொழியில் உண்டு. அச்சொல், ஆக்கிரமிப்பு என் எண்ணமன்று என மறுக்குமிடத்தில் வருகின்றது. மாண்டோரையும் அவர்தம் குடும்பங்களையும் எண்ண உள்ளுறுப்புகள் பிளக்கின்றன என இரங்குமிடத்தில் வருகின்றது. பொறுத்தற்கரியதைப் பொறுத்து நடக்கும்படி பணிக்குமிடத்தில் வருகின்றது. அழிவு நேர்ந்த கதையைச் சொல்லும் வாக்கியங்களில் எழுவாய்கள் வேறு: போர்நிலை, உலக நிலைமை, பகைவனின் கொடிய புதுக் குண்டு. மறுப்பதற்கும் இரங்குவதற்கும் ஏவுவதற்கும் ஆளுண்டு, செய்ததற்கு ஆளில்லை. அக்குண்டு தொடருமாயின் மனித நாகரிகமே முற்றாக அழியும் என்றபோது, சரணடைதல் மனித குலத்துக்கு யப்பான் புரியும் உபகாரமாகவே உயர்த்தப்படுகின்றது. அரசின் தேசிய அமைப்பைக் காத்துக்கொண்டோம் என முடிந்த செய்தியாகச் சொல்லவும் உரை தவறவில்லை. நேசநாடுகள் அப்படி எந்த வாக்குறுதியும் அளித்திருக்கவில்லை.

அணுகுண்டுதான் காரணமா? இரண்டு நாட்களின் பின், 17ஆந் திகதி, படையினருக்கென்று தனியாக ஒரு திருமுகம் விடுக்கப்பட்டது. அதில் அணுகுண்டு பற்றி ஒரு சொல்லும் இல்லை. சோவியத் ஒன்றியம் போரிற் குதித்ததே காரணமாகக் கூறப்பட்டது. குடிமக்களுக்கு ஒரு காரணம், படையினருக்கு இன்னொரு காரணம். கேட்போன் யார் என்பதைக் கொண்டு காரணம் மாறுமாயின், அதனைக் காரணமென்று கொள்ளுவதிலும் பார்க்கச் சொல்லுத்தி என்று கொள்வதே பொருத்தமாகும்.

14ஆந் திகதி இரவு பதினொரு மணிக்குப் பின் அரண்மனை அமைச்சுக் கட்டடத்திற் பேரரசரின் குரல் இசைத்தட்டில் இருமுறை பதிவாயிற்று. அன்றிரவே மேஜர் ஹத்தனக்காவும் கூட்டாளிகளும் அரண்மனைக் காவற்படைத் தளபதி மோரியைக் கொன்று, இசைத்தட்டைத் தேடி அறையறையாக அலைந்தனர். அரண்மனைப் பணியாளர் ஒருவர் அதனைச் சிறு அறையொன்றில் ஒளித்துவைத்திருந்தமையால் அவர்கள் கையில் அது அகப்படவில்லை. விடியலில் அனாமி வயிற்றைக் கீறி மாண்டார். ஹத்தனக்காவும் அன்று முற்பகலில் தன்னைச் சுட்டுக்கொண்டான். நாடகத்தன்மை மிக்க இவ்விரவைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் பல வந்துள்ளன. அவற்றில் ஒரு விடயம் மறைந்துபோவதுண்டு: அமைச்சரவையும் கலகக்காரரும் முரண்பட்டது பேரரசாட்சியைக் காக்கும் வழி பற்றியேயன்றி, அதைக் காக்க வேண்டுமா என்பது பற்றியன்று. அதே நாட்களில் அரசாங்க அலுவலகங்களின் முற்றங்களில் ஆவணங்கள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றை எரிக்கும் பணி எவ்வித முரண்பாடுமின்றி நடைபெற்றது.

நண்பகலில் தேசிய கீதம் ஒலிக்க, மக்கள் எழுந்து நின்றனர். தெய்வத்தின் வழிவந்தவரென்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட மனிதரின் குரலை அவர்களிற் பெரும்பாலோர் கேட்டது அதுவே முதற்றடவை. ஒலி தெளிவற்றிருந்தது. ஒலி தெளிவாய் இருந்திருப்பினும் மொழி தெளிவாய் இருந்திராது. சீனச் சொற்கள் செறிந்த அரசவைப் பழநடை அது. செந்தமிழுக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிந்த நமக்கு அந்நிலைமை ஓரளவு புரியும்; ஆனால் அங்கே இருந்த தூரம் கல்வெட்டு மெய்க்கீர்த்தியைக் கமக்காரனுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுவதற்கு ஒப்பானது. இன்னும் உறுதியாகப் போரிடும்படி பேரரசர் பணிக்கிறார் என்று விளங்கிக்கொண்டோரும் இருந்தனர். ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான உரை முடிந்தபின், வானொலி அறிவிப்பாளர் வாடா அதனைத் திரும்ப வாசித்து, விளக்கமும் அளித்தார். பொழிப்புரை வேண்டப்பட்ட சரணாகதி! அன்று காலைப் பத்திரிகைகள் நண்பகல் ஒலிபரப்பு முடிந்தபின்னரே விநியோகிக்கப்பட்டன.

விளங்காமை இங்கே குறைபாடன்று, பயன்பாடு. விளங்காத மொழி வணங்கத்தக்க மொழியாகின்றது. செய்தியை ஒரு சாதாரண அறிவிப்பாளரின் வாயில் விட்டு, அதிகாரத்தைப் பழநடையின் மேடையிலேயே நிறுத்திவைத்தனர். அந்நண்பகலைப் படைப்பிலக்கியமாக்கிய யப்பானியர் பலருள் மியமொட்டோ யூரிக்கோவை இங்கு குறிப்பிடலாம். போருக்குப் பின்னர் அவர் எழுதிய 'பன்ஷூ சமவெளி' என்னும் நாவல் புக்குஷிமாக் கிராமமொன்றில் அந்நாளின் அமைதியுடன் தொடங்குகின்றது. கதைத்தலைவியின் கணவன் வடகோடியிலுள்ள அபஷிரிச் சிறையில் அரசியற் கைதி. கம்யூனிஸ்டான யூரிக்கோவின் கணவரும் அவ்வாறே அங்கிருந்தார். எல்லோரும் தலைகுனிந்து நின்றவேளையில் வேறொரு கதவு திறக்குமா என்று செவிசாய்த்து நின்றோரும் அந்நாட்டிலிருந்தனர் என்பதற்கு அந்நாவல் சான்று.

எப்படிச் சொன்னாலென்ன, பேரரசரின் குரல்தானே பல இலட்சம் படையினரை ஒரே நாளில் ஆயுதங் கீழே வைக்கச் செய்தது, அதனால் உயிர்கள் தப்பினவே என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தில் உண்மையிருக்கின்றது. அதனை மறுக்கவேண்டியதில்லை. ஆயின் ஆகஸ்டிற் சாத்தியமான குரல் பெப்ரவரியில் ஏன் எழவில்லை என்று கேட்கவேண்டியுள்ளது. கொனோயேயின் விண்ணப்பம் அரண்மனைக்குள் நுழைந்த நாளிலிருந்து மாண்டோரின் தொகையையும் அந்த உயிர்க்கணக்கிற் சேர்க்கவேண்டும்.

தோல்வியை வேறுவிதமாகச் சொல்லுதல் இயலாததா? இயலும் என்பதற்கு ருஷ்ய உதாரணம் உண்டு. 1918 மார்ச் 3ஆந் திகதி பிரெஸ்ற்-லிற்றோவ்ஸ்க் உடன்படிக்கையின் மூலம் சோவியத் அரசு பரந்த நிலப்பரப்பை ஜேர்மனியிடம் இழந்தது. லெனின் அதனைக் கொள்ளைக்காரச் சமாதானம் என்றும் இழிவென்றும் பகிரங்கமாகவே எழுதினார். கட்சிக்குள் பெரும்பான்மையினர் தொடக்கத்தில் அவரை எதிர்த்தனர். பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. சோவியத்துகளின் பேராயம் கூடி வாக்கெடுத்தே ஒப்புதல் அளித்தது. போரைத் தொடங்கியவர்கள் தாங்கள் அல்லர் என்பது போல்ஷெவிக்குகளுக்கு அத்துணிவை அளித்தது என்பதையும் கூறவேண்டும். தாம் உடைத்தெறிந்த அரசின் தோல்வியைப் பேசுவது எளிது. அதே நாட்டில் 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் பிறப்பித்த 270ஆம் இலக்கக் கட்டளை, சரணடைந்த அதிகாரிகளைத் துரோகிகள் என்றும் அவர்தம் குடும்பத்தினரைக் கைதுசெய்யவேண்டும் என்றும் கூறிற்று. பெயர்ப்பலகையைக் கண்டு திருப்தியடையும் மார்க்சியம் வரலாற்றுக்குப் பயன்படாது.

மீண்டும் யப்பானுக்கு வருவோம். ஆகஸ்ட் 17இல் அரச குடும்பத்தவரான ஹிகஷிகுனி பிரதமரானார். அம்மாத இறுதியிற் பத்திரிகையாளர்களிடம், நூறு மில்லியன் மக்கள் அனைவரும் சேர்ந்து கழுவாய் தேடவேண்டும் என்றார். திருமுகத்தில் ஆளில்லாதிருந்த குற்றத்துக்கு இப்போது ஆள் கிடைத்தது: எல்லோரும். எல்லோரும் குற்றவாளிகளாயின் எவனும் விசாரிக்கப்படவேண்டியவனல்லன். 'போர்த் தோல்வி' என்ற சொல்லின் இடத்தில் 'போர் முடிவு' என்ற சொல் நிலைத்தது. ஆக்கிரமிப்புப் படை 'வந்து தங்கும் படை' ஆயிற்று. இதனை யப்பானிய ஆளும் வர்க்கத்தின் தனிச்சாதனை என்று கருதுதல் தவறு. மக் ஆதருக்கும் பேரரசர் தேவைப்பட்டார். 1946 முதல் 1948 வரை நடந்த ரோக்கியோ விசாரணையிற் பேரரசர் மீது குற்றஞ்சாட்டப்படவில்லை. போர்க்காலத்தில் டோஜோவின் அமைச்சரவையிலிருந்து, போர்க்குற்றச் சந்தேக நபராகச் சிறைவைக்கப்பட்ட கிஷி, 1948 டிசெம்பரில் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டு, 1957இற் பிரதமரானார். வென்ற ஏகாதிபத்தியம் தோற்ற ஏகாதிபத்தியத்தின் உரைநடையைத் தனது தேவைக்காக ஏற்றுக்கொண்டது.

திருமுகத்தின் ஒரு வாக்கியம் நம்மவர்களையும் தொட்டுச் செல்கின்றது. கிழக்காசிய விடுதலைக்கு ஒத்துழைத்த நட்பு நாடுகளுக்கு வருத்தம் தெரிவிக்கும் வாக்கியம் அது. மஞ்சூரியாவின் பொம்மை அரசுடன், 1943 ஒக்டோபரிற் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட சுபாஸ் சந்திர போஸின் சுதந்திர இந்திய அரசும் அவ்வரிசையில் அடங்கும். மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படையிற் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் பலர். மூன்று நாட்களின் பின் போஸ் தைப்பே விமான விபத்தில் மாண்டார். ஆனால் அதே தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1942-43இல் 415 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்டவாளமிட்ட காடுகளில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மடிந்த பல்லாயிரந் தமிழருக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. அவர்களுக்கு வென்றவர்களின் ஆவணங்களிலும் அதிக இடமில்லை. பேராதனைப் பூங்காவிற் தலைமையகம் அமைத்திருந்த மவுண்ட்பேற்றன் செப்டெம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரிற் சரணாகதியை ஏற்றபோது கணக்கெடுக்கப்பட்டவர்கள் முதன்மையாக வெள்ளைப் போர்க்கைதிகளே. கொரியரோ அந்தப் பழநடை உரையைத் தமக்கே உரிய முறையிற் படித்தனர். சியோலில் மறுநாளே சிறைக்கதவுகள் திறந்தன. ஆகஸ்ட் 15 அவர்களுக்கு 'ஒளி மீண்ட நாள்' ஆயிற்று.

யப்பானிற் சிறைக்கதவுகள் திறக்கவில்லை. 'யப்பானியக் கருத்துநிலை' பற்றிய நூலை 1935இல் எழுதிய மார்க்சிய மெய்யியலாளர் தொசாக்கா ஜுன், நாகசாக்கி மீது குண்டு விழுந்த அதே ஆகஸ்ட் 9இல் நாகனோச் சிறையில் மாண்டார். கம்யூனிஸ்டான நண்பர் ஒருவருக்கு அடைக்கலமளித்த குற்றத்துக்காகச் சிறைப்பட்டிருந்த மெய்யியலாளர் மிக்கி கியோஷி, நித்திய அமைதியைத் திறந்துவைத்த அந்த ஒலிபரப்புக்கு நாற்பத்திரண்டு நாட்களின் பின், செப்டெம்பர் 26இல், நோயாற் சிறையிலேயே உயிர்நீத்தார். ஒக்டோபர் தொடக்கத்தில் உள்நாட்டமைச்சர் யமசாக்கி, சிந்தனைப் பொலிஸ் தன் கடமையைத் தொடர்கின்றது என்றும் கம்யூனிஸ்டுகள் கைதுசெய்யப்படுவர் என்றும் வெளிநாட்டு நிருபர்களிடம் கூறினார். 4ஆந் திகதி ஆக்கிரமிப்புத் தலைமையகத்தின் ஆணை வந்தது. மறுநாள் அமைச்சரவை பதவி விலகியது. டொக்குடா கியூயிச்சியும் பதினெட்டு ஆண்டுச் சிறைவாசிகளான அவர் தோழர்களும் ஒக்டோபர் 10இல் வெளியே வந்தனர். 1925ஆம் ஆண்டின் அமைதி பேணற் சட்டம் ஒக்டோபர் 15இல், போர் முடிந்ததென்று பேரரசர் அறிவித்துச் சரியாக இரண்டு மாதங்கள் கழித்து, நீக்கப்பட்டது.